கேக்கின் மேல் எழுதப்படாத பெயர்கள்

1921ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மின்னியாபொலிஸ் நகரத்தைச் சேர்ந்த வாஷ்பர்ன் கிராஸ்பி என்ற மாவு நிறுவனம் ஒரு வார இதழில் புதிர்ப்போட்டி ஒன்றை அறிவித்தது. துண்டு துண்டாக இருக்கும் படத்தை வெட்டிச் சரியாக ஒட்டி அனுப்ப வேண்டும். பரிசு, மாவு மூட்டை வடிவத்தில் ஒரு சின்னக் குண்டூசி மெத்தை. ஆயிரக்கணக்கான விடைகள் வந்து குவிந்தன. ஆனால் உறைகளைப் பிரித்தவர்கள் எதிர்பார்க்காத ஒன்றும் உள்ளே இருந்தது. கூடவே கேள்விகளை எழுதி அனுப்பியிருந்தார்கள் பெண்கள். என் ரொட்டி ஏன் பொங்குவதில்லை? மாவை எவ்வளவு நேரம் பிசைய வேண்டும்? கேக்கின் நடுப்பகுதி ஏன் அமுங்கிப்போகிறது?

நிறுவனத்தில் இதற்கெல்லாம் பதில் தெரிந்த பெண்கள் வேலை பார்த்தார்கள். மனையியல் படித்தவர்கள். பதில்களை அவர்களிடம் கேட்டுத்தான் எழுத வேண்டியிருந்தது. ஆனால் கடிதங்களில் கையெழுத்திடும் பொறுப்பு விளம்பரத் துறையின் ஆண்களிடம் இருந்தது. ரொட்டி பற்றிய ஆலோசனை ஓர் ஆணின் கையெழுத்தோடு போனால் பெண்கள் நம்புவார்களா என்று அவர்களுக்கே சந்தேகம் வந்தது. பதில் எழுதுகிற பெண்களின் பெயரையே போட்டிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. ஒரு பெண்ணைக் கற்பனை செய்தார்கள். ஓய்வுபெற்ற இயக்குநர் ஒருவரின் குடும்பப் பெயர் க்ராக்கர். கேட்க இனிமையாகவும் பழகிய பெயராகவும் இருக்கட்டும் என்று முன்னால் 'பெட்டி' சேர்த்தார்கள். பெண் ஊழியர்களிடையே போட்டி வைத்து, அதில் ஒருவர் போட்ட கையெழுத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். பெட்டி க்ராக்கர் பிறந்தது இப்படித்தான்.

1924இல் அவளுக்கு வானொலியில் குரல் கிடைத்தது. சில ஆண்டுகளில் பல நகர வானொலி நிலையங்களில் வெவ்வேறு பெண்கள் ஒரே எழுத்துப் பிரதியை வாசித்தார்கள். எல்லோரும் பெட்டி க்ராக்கர். 1936இல் நீசா மக்மீன் என்ற ஓவியர் அவளுக்கு ஒரு முகம் வரைந்தார். 1945இல் ஃபார்ச்சூன் இதழ், அமெரிக்காவில் மிக அதிகம் அறியப்பட்ட பெண்களில் இரண்டாம் இடம் பெட்டி க்ராக்கருக்கு என்று எழுதியது. முதலிடம் எலினார் ரூஸ்வெல்ட்டுக்கு. ஒரு நாட்டில் மிகவும் தெரிந்த இரண்டு பெண்களில் ஒருத்தி உயிரோடு இல்லை. இறந்தும் போகவில்லை. பிறக்கவே இல்லை.

இந்த வரலாற்றை முதன்முதலில் படித்தபோது விளம்பரத் தந்திரம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. எந்த நிறுவனமும் செய்வதுதான். அந்தக் கடிதங்கள்தான் என்னைப் பிடித்து நிறுத்தின. இத்தனை பெண்கள் முகம் தெரியாத ஒருத்தியிடம் கேட்க வேண்டிய தேவை எங்கிருந்து வந்தது?

மூடிய கதவுக்குள் நடப்பது

மதுரையில் பேக்கிங்கில் ஆர்வமுள்ள பெண்கள் சிலர் மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடுகிறோம். செவிலியர், வங்கி ஊழியர், ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை, கல்லூரி மாணவிகள் இருவர், நான். இரண்டு ஆண்டுகளாக இது நடக்கிறது. அங்கே உட்கார்ந்து பேசப் பேசத்தான் எனக்கு ஒன்று புரிந்தது. குழம்பு வைக்கும்போது பாதியில் ருசி பார்க்கலாம். உப்பு குறைந்தால் போடலாம், புளி கூடினால் வெல்லம் சேர்க்கலாம். கேக் அப்படி இல்லை. கலவையை ஓவனுக்குள் வைத்துக் கதவை மூடிய பிறகு கையில் ஒன்றும் இல்லை. உள்ளே என்ன நடக்கிறது என்பது தெரியாது. வெண்ணெய் எவ்வளவு இளகியிருந்தது, முட்டை எவ்வளவு நேரம் அடிக்கப்பட்டது, அன்றைக்குக் காற்றில் ஈரம் எவ்வளவு என்பதெல்லாம் சேர்ந்து முடிவு செய்யும். சரியாக வராவிட்டால் காரணத்தை ஒருத்தி தனியாக உட்கார்ந்து கண்டுபிடிப்பது கஷ்டம். இன்னொருத்தியைக் கேட்க வேண்டும். பேக்கிங் என்பது கேள்விகளால் நடக்கிற கலை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நகரங்கள் பெருத்தன. கிராமத்தில் அம்மா, அத்தை, பக்கத்து வீட்டுப் பாட்டி என்று கேட்க ஆள் இருந்த பெண், நகரத்துக் குடியிருப்பில் தனியாக இருந்தாள். விறகு அடுப்பு போய் எரிவாயு அடுப்பும் மின்னடுப்பும் வந்தன. பழைய கைப்பக்குவம் புதிய அடுப்பில் செல்லுபடியாகவில்லை. எனவே மாவு நிறுவனத்துக்கு எழுதினாள். பெட்டி க்ராக்கர் வானொலி நிகழ்ச்சியைப் பல ஆண்டுகள் உருவாக்கி நடத்தியவர் மார்ஜரி ஹஸ்டட். கோடிக்கணக்கான பெண்கள் வீட்டில் தனியாக, குறைந்த பணத்தில், யாரும் பாராட்டாத வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள், அவர்களுக்கு மதிப்பு உண்டு என்று நினைவுபடுத்த யாராவது தேவைப்பட்டார்கள் என்று அவர் பின்னாளில் சொன்னார். ஹஸ்டட்டின் கணிப்பு சரிதான். ஆனால் அந்த மதிப்பைப் பெண்களுக்கு நினைவுபடுத்திய ஹஸ்டட்டின் பெயர் எத்தனை வீடுகளுக்குத் தெரிந்தது? பெட்டியின் பெயர்தான் மாவுப் பையில் அச்சானது.

பெயர் விஷயத்தில் இன்னொரு மாவு நிறுவனம் செய்தது வேறு மாதிரி. 1949 டிசம்பரில் பில்ஸ்பரி நிறுவனம் நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா விடுதியில் மாபெரும் பேக்கிங் போட்டி நடத்தியது. வரிசையாக நூறு அடுப்புகள். இறுதிச் சுற்றுக்கு வந்த நூறு பேரில் 97 பேர் பெண்கள். விருந்தினர்களில் எலினார் ரூஸ்வெல்ட்டும் ஒருவர். முதல் பரிசு 50,000 டாலர். வென்றவர் இல்லினாய் மாநிலத்தின் ராக்ஃபோர்டைச் சேர்ந்த தியோடோரா ஸ்மாஃபீல்ட். மாவைத் துணியில் கட்டி வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டுப் பொங்கவைக்கும், பிசையவே தேவையில்லாத இனிப்பு ரொட்டி அவருடையது. தண்ணீருக்குள் ரொட்டி மாவைப் போடத் துணிந்த அந்த மூளைக்குச் சொந்தக்காரர், அக்கால வழக்கப்படி, 'மிஸஸ் ரால்ஃப் ஈ. ஸ்மாஃபீல்ட்' என்றே அறிவிக்கப்பட்டார். ரால்ஃப் அவருடைய கணவர். இல்லாத பெண்ணுக்கு ஒரு பெயர் இருந்தது. இருக்கிற பெண்ணுக்குக் கணவரின் பெயர்தான் இருந்தது.

"பெயர் தெரியாட்டி என்ன மேடம்?"

சங்கப் பெண்பாற் புலவர்களை வகுப்பில் நடத்தும்போது ஒவ்வோர் ஆண்டும் ஒரு மாணவியாவது இதைக் கேட்பாள். "பெயர் தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன மேடம்? பாட்டுதான் இருக்கே!" நியாயமான கேள்வி. சங்கப் பாடல்களில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றுக்கு ஆசிரியர் பெயர் கிடைக்கவில்லை. பாட்டு இருக்கிறது. ஆனால் பெயரில்லாத அந்தப் பாடல்களைப் பற்றிப் பேசும்போது நம்மை அறியாமல் "புலவன்" என்றுதான் சொல்கிறோம். பெயர் அழிந்த இடத்தில் ஆண் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறான். சமையலில் இது நேர்மாறாக நடக்கிறது. பெயரில்லாத செய்முறைக்கு "யாரோ ஒரு பாட்டி" என்று சொல்லிவிடுகிறோம். அந்தப் பாட்டி கணக்குப் போட்டவள், சோதித்துப் பார்த்தவள், விற்றுப் பிழைத்தவள் என்பதெல்லாம் அந்தச் சொல்லில் கரைந்துபோகிறது.

ஆகவே தங்கள் பெயரை அச்சில் ஏற்றப் பாடுபட்ட மூன்று பெண்களை என் மாணவிகளுக்கு அறிமுகப்படுத்த விரும்புகிறேன்.

முதலாமவர் அமீலியா சிம்மன்ஸ். 1796இல் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டில் அவருடைய 'அமெரிக்கன் குக்கரி' வெளிவந்தது. அமெரிக்கர் ஒருவர் எழுதி அமெரிக்காவில் அச்சான முதல் சமையல் நூலாக அறியப்படுவது இது. முகப்புப் பக்கத்தில் தன் பெயருக்குக் கீழே அவர் போட்டுக்கொண்டது 'ஓர் அமெரிக்க அநாதை' என்பதுதான். யாருடைய மகள், யாருடைய மனைவி என்று சொல்ல அவருக்கு எதுவும் இல்லை. மரச்சாம்பலை நீரில் ஊறவைத்து வடித்துக் காய்ச்சி எடுக்கும் ஒரு காரத்தைக் கேக் மாவில் சேர்க்க இந்த நூல் சொல்கிறது. மாவில் உள்ள புளிப்போடு அது சேர்ந்தால் வாயு கிளம்பி மாவைப் பொங்கவைக்கும். நாம் இன்று டப்பாவில் வாங்கும் பேக்கிங் பவுடருக்கு அதுதான் முன்னோடி. அதற்குமுன் கேக் பொங்க வேண்டுமானால் ஈஸ்ட் போட்டுக் காத்திருக்க வேண்டும், அல்லது முட்டையை மணிக்கணக்கில் கையால் அடிக்க வேண்டும். நான் ஒருமுறை இயந்திரம் இல்லாமல் கரண்டியால் வெண்ணெயும் சர்க்கரையும் அடித்துப் பார்த்தேன். இருபது நிமிடத்தில் தோள்பட்டை கெஞ்சியது. ஒரு சிட்டிகைச் சாம்பல் உப்பு எத்தனை பெண்களின், எத்தனை அடிமைகளின் தோள்களுக்கு ஓய்வு கொடுத்திருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்தது.

சிம்மன்ஸுக்குத் தன் நூலை அச்சுக்குத் தயார் செய்யும் அளவுக்குக் கல்வி இல்லை. பிரதி எடுக்க ஓர் ஆளை அமர்த்தினார். அந்த ஆள் தன் விருப்பத்துக்குச் சில பக்கங்களைச் சேர்த்துவிட்டார். சிம்மன்ஸ் சும்மா இருக்கவில்லை. தன் சம்மதம் இல்லாமல் அவை சேர்க்கப்பட்டன என்று அச்சிலேயே அறிவித்தார். எழுதத் தெரியாத பெண்ணின் நூலிலும் எது அவளுடையது, எது இல்லை என்று சொல்லும் உரிமை அவளுக்கே என்று 1796இல் ஓர் அநாதைப் பெண் வாதாடியிருக்கிறார்.

இரண்டாமவர் மலிண்டா ரஸ்ஸல். டென்னசி மாநிலத்தைச் சேர்ந்த கறுப்பினப் பெண். பாட்டி விடுதலை பெற்ற பிறகு தாய் பிறந்ததால் சட்டப்படி அடிமை அல்லாதவர். பத்தொன்பது வயதில் ஆப்பிரிக்காவின் லைபீரியாவுக்குப் போகப் புறப்பட்டார். கூட வந்தவர்களில் ஒருவரே பணத்தைத் திருடிவிட, வர்ஜீனியாவில் நின்றுபோனார். சமையல் வேலை செய்தார். கணவர் இறந்தார். ஒரு கை மட்டுமே இயங்கும் மகன். டென்னசியில் சுமார் ஆறு ஆண்டுகள் கேக், இனிப்புக் கடை நடத்திப் பணம் சேர்த்தார். 1864இல், உள்நாட்டுப் போரின்போது, ஆயுதக் கும்பல் ஒன்று அதையும் பறித்துக்கொண்டது. வடக்கே மிச்சிகனுக்குத் தப்பினார். 1866இல் பாவ் பாவ் என்ற சிற்றூரில் முப்பத்தொன்பது பக்கப் புத்தகம் ஒன்றை வெளியிட்டார். ஊர் திரும்பப் பணம் வேண்டும் என்பதற்காக வெளியிடுவதாக முன்னுரையில் ஒளிக்காமல் சொல்கிறார். தனக்குக் கற்றுக்கொடுத்த ஃபேனி ஸ்டூவர்ட் என்ற கறுப்பினச் சமையற்காரியின் பெயரையும் மறக்காமல் குறிப்பிடுகிறார். நூலில் பெரும்பகுதி கேக், பை, புட்டிங் வகைகள்.

அந்தப் புத்தகத்தின் ஒரே ஒரு மூலப்பிரதிதான் இன்று அறியப்பட்டிருக்கிறது. சமையல் நூல்களைச் சேகரித்து ஆய்வு செய்த ஜேனிஸ் லாங்கோனிடம் அது வந்து சேர்ந்தது. 2007இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கிளமென்ட்ஸ் நூலகம் அதை நகல் பதிப்பாகக் கொண்டுவந்தது. அந்த ஒரு பிரதி குப்பைக்குப் போயிருந்தால் மலிண்டா ரஸ்ஸலும் "யாரோ ஒரு பாட்டி"தான். ஃபேனி ஸ்டூவர்ட் அதுவும் இல்லை.

மூன்றாமவர் அபி ஃபிஷர். தெற்கு கரோலினாவில் பிறந்து, அடிமை முறையைக் கடந்து, சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்து ஊறுகாய், பழப்பாகு செய்து விற்றவர். கண்காட்சிகளில் பதக்கங்கள் வாங்கியவர். அவருக்கும் கணவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. 1881இல் அவர் வாய்மொழியாகச் சொல்லச் சொல்ல எழுதி நூலாக்கியவர்கள் அந்நகரத்துப் பெண்கள். அச்சிட்டது பெண்கள் கூட்டுறவு அச்சகம். நூலின் தலைப்பே 'பழைய தென்னகச் சமையல் பற்றி மிஸஸ் ஃபிஷருக்குத் தெரிந்தவை' என்ற பொருளில் அமைந்தது. 'தெரிந்தவை' என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். கைப்பக்குவம், கைராசி என்று தள்ளிவிடவில்லை. அறிவு என்று தலைப்பிலேயே எழுதினார்கள். அந்த நூலில் சர்க்கரைவள்ளிக்கிழங்கு பை ஒன்று இருக்கிறது. அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

இந்தப் பெயர் போராட்டம் அரசியலாகவும் மாறியது. 1886இல் பாஸ்டனில் ஹேட்டி பர் என்பவர் பெண்கள் வாக்குரிமை இயக்கத்துக்காகச் சமையல் நூல் ஒன்றைத் தொகுத்தார். வாக்குரிமைச் சந்தையில் விற்று இயக்கத்துக்கு நிதி சேர்த்தார்கள். வாக்கு கேட்கிற பெண்கள் அடுப்பை மறந்துவிடுவார்கள் என்பது அன்று ஆண்கள் சொல்லிவந்த வாதம். அதற்குப் பதிலாக மருத்துவர்கள், ஆசிரியைகள், எழுத்தாளர்கள், மதபோதகர்கள் என்று பல பெண்கள் செய்முறைகளைத் தங்கள் பெயரோடு கொடுத்தார்கள். அடுப்படியிலிருந்து வெளியே வருவதற்கு அடுப்படியையே பயன்படுத்தியது சமரசமா, சாமர்த்தியமா என்று பெண்ணிய ஆய்வாளர்கள் இன்னும் விவாதிக்கலாம். எனக்கு இரண்டும்தான் தெரிகிறது. அவர்களுக்குக் கையில் இருந்தது அதுதான்.

பெயரை மறைத்த பெண்கள்

இதுவரை பெயர் மறுக்கப்பட்ட பெண்களையும் பெயருக்காகப் போராடிய பெண்களையும் பார்த்தோம். இனி, தாங்களே பெயரை மறைத்துக்கொண்ட பெண்கள்.

1955 டிசம்பர் 1ஆம் தேதி அலபாமா மாநிலத்தின் மாண்ட்கோமரி நகரில் ரோசா பார்க்ஸ் பேருந்தில் இருக்கையை விட்டு எழ மறுத்துக் கைதானார். அன்றிரவே ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை, பெண்கள் அரசியல் மன்றத்தின் தலைவர், தன் கல்லூரியின் நகலெடுக்கும் இயந்திரத்தில் பல்லாயிரம் துண்டறிக்கைகளை அடித்தார். டிசம்பர் 5ஆம் தேதி பேருந்துப் புறக்கணிப்பு தொடங்கியது. அந்த நகரத்துப் பேருந்துப் பயணிகளில் பெரும்பான்மையோர் கறுப்பின மக்கள். அவர்களிலும் பெரும்பான்மையோர் வெள்ளையர் வீடுகளுக்குச் சமைக்கவும் துவைக்கவும் போன பெண்கள்.

ஜார்ஜியா கில்மோர் அப்போது ஓர் உணவகத்தில் சமையல்காரர். ஆறு குழந்தைகளின் தாய். பிரசவமும் பார்ப்பார். புறக்கணிப்புக்கு இரண்டு மாதம் முன்பே அவர் பேருந்தைப் புறக்கணித்துவிட்டார். கட்டணத்தை வாங்கிக்கொண்ட ஓட்டுநர், இறங்கிப்போய்ப் பின்கதவு வழியாக ஏறச் சொன்னார். இறங்கினார். பின்கதவுக்குப் போவதற்குள் பேருந்து கிளம்பிவிட்டது. இனி இந்தப் பேருந்தில் ஏறுவதில்லை என்று அன்றே முடிவெடுத்தார்.

புறக்கணிப்பு தொடங்கியதும் அவரும் தோழிகளும் தங்களுக்குள் 14 டாலர் சேர்த்தார்கள். கோழி, ரொட்டி, கீரை வாங்கி சாண்ட்விச் செய்து கூட்டத்துக்கு வந்தவர்களிடம் விற்றார்கள். அது விரிந்தது. பொரித்த மீன், சாப்பாடு, பவுண்ட் கேக், சர்க்கரைவள்ளிக்கிழங்கு பை. அழகு நிலையங்களிலும் சலவைக் கடைகளிலும் டாக்சி நிறுத்தங்களிலும் வீட்டு வாசல்களிலும் விற்றார்கள். கேக் வாங்கியவர்களில் வெள்ளையர்களும் உண்டு. சமைத்த பெண்களில் பலர் வெள்ளையர் வீடுகளில் வேலை செய்தவர்கள். வெளியே தெரிந்தால் வேலை போகும், வாடகை வீடு போகும். எனவே யார் செய்தார்கள், யார் வாங்கினார்கள் என்பது கில்மோர் ஒருவருக்கு மட்டுமே தெரியும்படி வைத்துக்கொண்டார்கள். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் ஒன்றுதான்: எங்கிருந்தும் இல்லை. சங்கத்தின் பெயரே அதுதான், 'கிளப் ஃப்ரம் நோவேர்'.

திங்கட்கிழமை இரவுகளில் தேவாலயத்தில் பொதுக்கூட்டம் நடக்கும். கில்மோர் பாடிக்கொண்டே நடுவழியில் நடந்து வந்து பணத்தைக் கொடுப்பார். சில வாரங்களில் 125 முதல் 200 டாலர் வரை. நகரத்தின் இன்னொரு பகுதியில் இனெஸ் ரிக்ஸ் என்பவர் 'ஃப்ரெண்ட்லி கிளப்' என்று போட்டிச் சங்கம் தொடங்கினார். யார் அதிகம் கொண்டுவந்தார்கள் என்று அறிவிக்கப்படும்போது கூட்டம் எழுந்து கை தட்டும். அந்தப் பணம், பேருந்துக்கு மாற்றாக ஓடிய கார்களுக்கும் வேன்களுக்கும் பெட்ரோலாகவும் பழுதுபார்க்கும் கூலியாகவும் ஆனது. சுமார் முந்நூறு கார்கள் ஓடின. நகர நிர்வாகம் காப்பீட்டை ரத்துசெய்ய வைத்தபோது லண்டனில் காப்பீடு எடுத்தார்கள். 381 நாட்கள் ஒரு நகரம் நடந்ததற்கும் கார்களில் பகிர்ந்து சென்றதற்கும் பின்னால் வெண்ணெயும் மாவும் முட்டையும் இருந்தன.

பவுண்ட் கேக் பற்றி ஒரு வார்த்தை. மாவு ஒரு பவுண்ட், வெண்ணெய் ஒரு பவுண்ட், சர்க்கரை ஒரு பவுண்ட், முட்டை ஒரு பவுண்ட். பெயரிலேயே செய்முறை இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் மனதில் வைத்துக்கொள்ளலாம். ஓர் அடுமனைக்காரி இன்னொருத்திக்கு வாயால் சொல்லிவிடலாம். மொத்தம் நான்கு பவுண்ட், நம் கணக்கில் ஏறத்தாழ 1.8 கிலோ. நாள்பட்டாலும் கெடாது, துண்டு போட வசதி, சுமந்துபோய் விற்க வசதி. போராட்டத்துக்கென்றே செய்த கேக் மாதிரி இருக்கிறது.

1956 பிப்ரவரியில் மார்ட்டின் லூதர் கிங் உட்படத் தொண்ணூறு பேர் அளவில் கைதானார்கள். அவர்கள்மேல் பாய்ந்தது, புறக்கணிப்புகளைத் தடை செய்யும் அலபாமாவின் 1921ஆம் ஆண்டுச் சட்டம். பெட்டி க்ராக்கர் பிறந்த அதே ஆண்டு. மார்ச் மாதம் கிங்கின் வழக்கில் கில்மோர் கூண்டில் ஏறி, பேருந்து ஓட்டுநர் தன்னை நடத்திய விதத்தைச் சொன்னார். கேக் செய்யும்போது மற்றவர்களின் பெயரை மறைத்தவர், நீதிமன்றத்தில் தன் பெயரைச் சொல்லித் தன் வாயால் பேசினார். உணவகம் அவரை வேலையிலிருந்து நீக்கியது. கிங் கொடுத்த ஊக்கத்தாலும் பண உதவியாலும் வீட்டையே உணவகமாக்கினார். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்ட வீடு அது. பொதுவிடங்களில் அப்படி உட்கார முடியாத காலம். போராட்டத் தலைவர்கள் சந்தித்துப் பேச நம்பிக்கையான இடமும் அதுதான். பின்னாளில் நகரப் பூங்கா ஒன்றின் வழியாக நடந்ததற்காகத் தன் மகன் அடிக்கப்பட்டபோது, பூங்காக்களில் நிறப்பாகுபாட்டை எதிர்த்து நகரத்தின் மேல் வழக்குப் போட்டவர்களில் அவரும் ஒருவர். அமெரிக்கச் சட்ட நூல்களில் 'கில்மோர் எதிர் மாண்ட்கோமரி நகரம்' என்று அந்த வழக்கு இன்றும் இருக்கிறது.

யாருக்காக மறைந்த பெயர்

பெட்டி க்ராக்கர் சார்பாகப் பதில் எழுதிய பெண்களுக்கும் பெயர் இல்லை. கில்மோரின் சங்கத்தில் கேக் செய்த பெண்களுக்கும் பெயர் இல்லை. இரண்டும் ஒன்றா? என் மாணவியின் கேள்விக்கு இங்கேதான் எனக்குப் பதில் கிடைத்தது. ஒரு பெயர் மறையும்போது அந்த மறைவால் யாருக்கு லாபம் என்று பார்க்க வேண்டும். மின்னியாபொலிஸில் பெண்களின் பெயர் மறைந்து நிறுவனத்தின் மாவு விற்றது. அந்தப் பெண்கள் வேலையை விட்டுப் போனாலும் பெட்டி இருப்பாள். சம்பளம் கேட்க மாட்டாள், வயதாக மாட்டாள். மாண்ட்கோமரியில் பெண்கள் தங்கள் பெயரைத் தாங்களே மறைத்தார்கள். எல்லாப் பெயர்களும் ஒரு பெண்ணின் நெஞ்சில் பத்திரமாக இருந்தன. அந்த மறைவு அவர்களுக்கு வேலையையும் வீட்டையும் காப்பாற்றிக் கொடுத்தது, இயக்கத்துக்குப் பெட்ரோல் வாங்கிக் கொடுத்தது.

ஆனாலும் இதற்கும் ஒரு விலை இருந்தது. ஆபத்து நீங்கிய பிறகும் அந்தப் பெயர்களில் பல வெளியே வரவில்லை. கிங்கின் பெயரில் தெருக்கள் இருக்கின்றன. ரோசா பார்க்ஸின் பெயர் பாடநூலில் இருக்கிறது. ஜோ ஆன் ராபின்சனை ஆய்வாளர்கள் அறிவார்கள். கில்மோரைப் பற்றி அண்மைக் காலத்தில்தான் பரவலாகப் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். அவருக்குக் கேக் செய்து கொடுத்த பெண்கள் எங்கே? கவசமாகப் போட்டுக்கொண்ட மறைவை வரலாறு நிரந்தரமாக்கிவிட்டது. போராடும் காலத்தில் ஒரு பெண் தன் பெயரை மறைக்கலாம், அது அவள் முடிவு. பிறகு அந்தப் பெயரைத் தேடி எடுப்பது அடுத்து வருகிறவர்களின் வேலை. ஜேனிஸ் லாங்கோன் மலிண்டா ரஸ்ஸலுக்குச் செய்தது அதைத்தான்.

எங்கள் மாதக் கூட்டத்தில் யாராவது அருமையான கேக் கொண்டுவந்து, எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டால், "சும்மா ட்ரை பண்ணிப் பார்த்தது மேடம்" என்றுதான் பதில் வரும். மூன்று முறை தோற்று, நான்காம் முறை அளவை மாற்றி, வெப்பத்தைக் குறைத்துச் சாதித்தது அந்தச் 'சும்மா'வுக்குள் ஒளிந்திருக்கும். வீட்டிலிருந்தே கேக் செய்து விற்கிற பெண்கள் எங்களில் இருவர். இரவு இரண்டு மணிவரை கிரீம் பூசுகிறார்கள். கேக்கின் மேல் வாங்குபவரின் குழந்தை பெயரை அழகாக எழுதுகிறார்கள். செய்தவரின் பெயர் பெட்டியின் மேல்கூட இருப்பதில்லை. இப்போது நாங்கள் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். செய்முறையை எழுதி, செய்தவர் பெயர், ஊர், தேதி, கற்றுக்கொடுத்தவர் பெயர் போடுகிறோம். கற்றுக்கொடுத்தவர் என்ற அந்தக் கடைசிப் பத்தியை மலிண்டா ரஸ்ஸலிடமிருந்து எடுத்துக்கொண்டேன். இதைப் படிக்கும் மாணவிகள் தங்கள் வீட்டில் இப்படி ஒரு நோட்டைத் தொடங்கினால், அதில் எழுதுகிற முதல் பெயருக்குச் சொந்தக்காரர் உயிரோடு இருக்கும்போதே தொடங்குங்கள்.

ஜார்ஜியா கில்மோர் 1990 மார்ச் மாதம் இறந்தார். செல்மாவிலிருந்து மாண்ட்கோமரிவரை நடந்த புகழ்பெற்ற வாக்குரிமைப் பேரணியின் இருபத்தைந்தாம் ஆண்டு நினைவு அது. மறுபடியும் நடந்து வருபவர்களுக்காக அவர் கோழியும் மக்ரோனியும் சமைத்துக்கொண்டிருந்தார். அவர் கையால் செய்த அந்தச் சாப்பாட்டைத்தான் துக்கத்துக்கு வந்தவர்களுக்குக் குடும்பத்தார் பரிமாறினார்கள். இந்த முறை சாப்பிட்ட எல்லோருக்கும் யார் சமைத்தது என்று தெரிந்திருந்தது.